சோபாப் பிரிவில் உள்வலிமை

மனித குலம் இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணம் நெருப்போ சக்கரமோ அல்ல. எங்கள் கடையின் விதி ஏழுதான்: "விற்பனைப் பெண்கள் பணி நேரத்தில் உட்காரலாகாது." பெண்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று பலரும் மேடையில் முழங்குகிறார்கள். நாங்கள் முழங்கவில்லை. காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை பன்னிரண்டு பேரை நிற்கவைத்துக் காட்டினோம்.

நாங்கள் விற்பது சோபா, நாற்காலி, மெத்தை.

நான் அங்கே பணியாளர் நல அதிகாரி. ஒன்பது ஆண்டுகளாகக் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து பணியாளர்களின் நலத்தைக் கவனித்து வருகிறேன். கண்ணாடி வழியே பார்த்தால் எல்லோரும் நலமாகத்தான் தெரிந்தார்கள்.

சோபாப் பிரிவை நடத்துபவர் பெரியக்கா. முதலாளிக்கும் அவர் பெரியக்காதான். மாலையானால் கால் வீங்கி, செருப்புக்குள் போகாது. விலைப்பட்டியல் பலகைக்குப் பின்னால் கொக்குபோல் ஒற்றைக் காலில் நிற்பார். கொண்ட கொள்கைக்காக ஒற்றைக் காலில் நிற்பவர்களை நான் மதிப்பவன். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் அம்மாள் அவரிடம் கேட்டார்:

"இதுல உக்காந்தா முதுகு வலிக்குமா?"

"தெரியாதுங்கம்மா. நின்னா வலிக்கும்."

"வாய்மை" என்று அவருடைய கோப்பில் குறித்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மெத்தைப் பிரிவில் இருக்கும் பெண் மயங்கி விழுந்தாள். மெத்தைமேல் விழவில்லை, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே, வெறுந்தரையில் விழுந்தாள். அந்த நிலையிலும் சரக்குக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொண்ட பொறுப்புணர்ச்சியை என்னவென்று சொல்வது!

முதலாளி நல்ல மனிதர். ஓடி வந்து தானே தண்ணீர் தெளித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா ஆச்சு இந்தப் பொண்ணுக்கு?"

காலையில் ஒரு வார இதழில் படித்த சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"உள்வலிமைக் குறைவுங்க ஐயா."

"அப்போ அதுக்கு ஒரு வகுப்பு வைய்யா!"

மூன்றாவது மாடிக் கிடங்கில் வகுப்பு. பன்னிரண்டு பேர் கேட்க, பயிற்சியாளர் கன்னத்தில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். கேட்பவர்கள் அமர்ந்திருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. நின்றால் மனம் அலையுமாம். விற்பனைக்கு வைத்தவை அழுக்காகிவிடக் கூடாதென்று, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்தோம்.

பெண்கள் உட்கார்ந்தார்கள். கிடங்கு முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது.

"கண்ண மூடுங்க. உள்ள என்ன தெரியுது?"

"காலு சார்," என்றார் பெரியக்கா.

"அதுக்கும் உள்ள போங்க."

"எலும்பு சார்."

"சரி, உங்க வாழ்க்கையோட லட்சியம் என்ன?"

மெத்தைப் பிரிவுப் பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இதான் சார். வந்து சேந்துட்டேன்."

பயிற்சியாளர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு சீக்கிரம் யாரும் அந்த நிலையை அடைந்ததில்லையாம். உற்சாகத்தில் குரலை உயர்த்தினார்: "என்ன சோதனை வந்தாலும் சரி, யாரு என்ன சொன்னாலும் சரி, புடிச்ச இடத்த விட்டு அசையக் கூடாது! இப்ப எல்லாரும் எழுந்திரிங்க!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"நேரமாச்சும்மா, கடைக்குப் போங்க," என்றேன் நான்.

பெரியக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பி, "சோதனை வந்தாச்சு," என்றார்.

முதலாளி மூச்சிரைக்க மேலே வந்தார். "என்ன பெரியக்கா இது? கீழ ஜனங்க நிக்கிறாங்க!"

இந்த வயதில் வேறு கடையில் சேர்க்க மாட்டார்கள் என்று பெரியக்காவுக்குத் தெரியும். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேல செய்ய மாட்டோம்னு சொல்லலீங்க ஐயா. ஆள் வந்தா எழுந்துக்கறோம். ஆள் இல்லாதப்ப உக்காந்துக்கறோம். அவ்வளவுதான் கேக்குறோம்."

மெத்தைப் பெண் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். முதலாளியின் கோபம் என்மேல் பாய்ந்தது.

"நீ போய்க் கீழ நில்லுய்யா!"

நின்றேன். இருபதாவது நிமிடம் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. முப்பதாவது நிமிடம் அலமாரி கேட்டவருக்குக் கட்டிலைக் காட்டினேன். நாற்பதாவது நிமிடம், கொள்கையளவில் நின்றுகொண்டே, உடலளவில் ஒரு சோபாவில் விழுந்தேன்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் உடனே வாங்கிவிட்டார்.

படியில் நின்றபடி முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி மேலே ஏறினார்.

மறுநாள் பன்னிரண்டு முக்காலிகள் வந்திறங்கின. விதி ஏழின் மானம் கருதி, கோப்பில் அவற்றுக்கு "உள்வலிமை ஊக்கச் சாதனங்கள்" என்று பெயர். மெத்தைப் பெண் இப்போது மயங்குவதில்லை. பெரியக்காவின் கால் செருப்புக்குள் போகிறது.

பயிற்சியின் பலன் பற்றி முதலாளி என்னிடம் அறிக்கை கேட்டார். "உள்வலிமை உள்ளவர்கள்" என்று தலைப்பிட்டுப் பன்னிரண்டு பெயர்களையும் எழுதினேன். அதன்கீழ் "இல்லாதவர்கள்" என்று தலைப்பிட்டு, நெடுநேரம் யோசித்து, ஒரே ஒரு பெயரை எழுதினேன்.

அதை என் கையெழுத்து என்று நினைத்து, முதலாளி கோப்பில் சேர்த்துவிட்டார்.