நூறு மீட்டர் தள்ளி நின்ற சாஸ்தா

விக்கிரமசிங்கபுரம்,
16-2-1998.

சிரஞ்சீவி கணேஷ்ராமுக்கு,

அப்பா ஞானசம்பந்தன் எழுதுவது. ஹூஸ்டனில் நீயும் விஜயஸ்ரீயும் என் பேரனும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கு நானும் அம்மாவும் சுகம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, குழாயில் வரவில்லை. என் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து உடம்புக்கு ஏதோ என்று பயப்படாதே. உடம்பு நன்றாக இருக்கிறது. அதிர்ச்சி மட்டும்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

உன் கடிதமும் இரண்டு கருவிகளின் படங்களும் வந்தன. பங்குனி உத்திரத்துக்கு வந்து, பேரனுக்கு முதல் முடியை நம் சாஸ்தா கோயிலில்தான் இறக்குவேன் என்று நீ எழுதியதைப் படித்து அம்மா அழுதாள். அந்தக் காட்டுப் பாதையில் வழி தவறாமல் இருக்க ஒரு கையடக்க ஜி.பி.எஸ். வாங்கி வருகிறேன், சின்னதா பெரியதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். கருவி தேவைதான். நமக்கு வழிகாட்டும் இசக்கியப்பனுக்கு எழுபது வயதாகிவிட்டது; முழங்கால் மடங்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் பூகோளம் நடத்தியவன் என்ற தைரியத்தில் போன வருஷம் நான் முன்னால் நடந்தேன். மூன்று மணி நேரம் கழித்து எல்லாரும் புறப்பட்ட புளியமரத்துக்கே வந்து சேர்ந்தோம். பொங்கல் பானையைத் தலையில் சுமந்த அம்மா மறுநாள் வரை என்னிடம் பேசவில்லை.

ஆகவே கருவியை நன்றாகச் சோதித்துவிட்டே பதில் எழுத நினைத்தேன். என்னோடு கணக்கு வாத்தியாராக இருந்த முகம்மது மைதீனை உனக்குத் தெரியும். அவர் மச்சினன் துபாயில் இந்தக் கருவிகள் விற்கும் கடையில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர் நீ எழுதிய அதே இரண்டு வகையையும் கொண்டு வந்திருந்தார். இரவல் வாங்கினோம். சின்னது ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் கேட்கும். பெரியது பன்னிரண்டை ஒன்றாகக் கேட்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சின்னது, ஒவ்வொரு பையனாக எழுப்பி வருகைப்பதிவு எடுக்கிற வாத்தியார். அவர் கடைசிப் பையனுக்கு வருவதற்குள் முதல் பையன் ஜன்னல் வழியாகப் போய்விடுவான். பெரியது, வகுப்பில் நுழைந்ததும் யார் இல்லை என்று சொல்லிவிடுகிற வாத்தியார். ஆனால் அது பேட்டரி தின்கிற வேகத்துக்கு ஒரு மூட்டை பேட்டரியும் சுமக்க வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பனைப் பைய நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். மரத்தடிக்கு வந்ததுமே சின்னது வானத்தைக் காணோம் என்று கைவிரித்துவிட்டது. பெரியது கோயில் வரை தாக்குப் பிடித்தது. சாஸ்தா முன்னால் நின்று இடத்தை அதில் பதிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அதன் கையேட்டைப் படித்தபோதுதான் முதல் அதிர்ச்சி. இந்தக் கருவி நூறு மீட்டர் வரை தப்பாகச் சொல்லலாமாம். தெரியாமல் இல்லை, தெரிந்தே! அமெரிக்க ராணுவம் தனக்குச் சரியான கணக்கை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொஞ்சம் கலக்கித்தான் கொடுக்குமாம். நீ அந்த ஊரில் இருக்கிறாய், இதை என்னிடம் சொல்லவே இல்லையே! சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே தப்பாக எழுதிப் போடுகிற வாத்தியாரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

இருந்தாலும் சோதனையைப் பாதியில் விடக்கூடாது என்று நேற்று நானும் மைதீனும் மட்டும் பெரியதைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதையெல்லாம் நன்றாகவே காட்டியது. கோயிலுக்குப் பக்கத்து ஓடை வந்ததும் அம்பு ஓடைக்கு அந்தப் பக்கம் திரும்பியது. நம் கோயில் இந்தக் கரை, இது அந்த நூறு மீட்டர் பொய், திரும்புவோம் என்றேன். மைதீன் விடவில்லை. “சோதிக்கத்தானே வந்திருக்கோம் வே? அது எங்கன கூப்பிடுதோ அங்கன போய்ப் பாப்போம்” என்று பாறை பாறையாகத் தாண்டினார். நானும் தாண்டினேன். அக்கரையில் முள்ளும் புதருமாக எண்பது மீட்டர் நுழைந்தோம். அங்கே ஒரு சாஸ்தா! நம்முடையவரைப் போலவே இரண்டு பக்கமும் அம்மன்கள். சந்தனம் அதிகம் பழசில்லை. முன்னால் ஒரு கல்விளக்கு. மைதீன் குனிந்து அதிலிருந்த எழுத்தைத் துடைத்துப் படித்தார். “கொல்லம் ஆண்டு 1081, சிதம்பரநாதம் பிள்ளை உபயம். வே, இது உம்ம தாத்தா பேருல்லா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நானும் படித்தேன். தாத்தா பெயரேதான்.

இறங்கி வந்து நேராக இசக்கியப்பன் வீட்டுக்குப் போனோம். அவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்விளக்கைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

“பாத்துட்டீயளா?” என்றார். “அப்போ நீங்க ஆறு வயசுப் பிள்ளை, வாத்தியாரய்யா. அந்தப் பங்குனியில கோடை மழை கொட்டி ஓடையில வெள்ளம். தாண்ட முடியல. இந்தக் கரையில ஒரு சாஸ்தா நின்னாரு. உங்கப்பாதான், ‘இவரும் சாஸ்தாதானே, இங்கனயே பொங்கலை இறக்குங்க’ன்னு சொன்னாவ. மறு வருஷம் தண்ணி இல்லை. ஆனா பழகிப் போச்சு.”

“அப்போ இந்தக் கரைச் சாஸ்தா யாருடையவர்?”

“பத்தமடைக்காரங்களுக்கு உள்ளவரு. அவங்க தென்கரைப் பாதையில வாராவ. அன்னைக்கு அவங்களுக்கும் ஓடை தாண்ட முடியல. அங்கனயே இறக்கிட்டாவ.”

கணேஷ்ராம், நான் சொல்வது புரிகிறதா? ஐம்பத்து மூன்று வருஷமாக அவர்கள் சாஸ்தாவுக்கு நாமும், நம் சாஸ்தாவுக்கு அவர்களும் பொங்கலிட்டுக்கொண்டிருக்கிறோம்! என் தம்பி முடி, உன் முடி எல்லாம் பத்தமடைக்காரர்கள் கணக்கில் போயிருக்கிறது. இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் குலவையிட்டதும் ஓடைக்கு அப்பால் அதே குலவை கேட்கும், நினைவிருக்கிறதா? அது எதிரொலி என்று உனக்கு அங்கேயே வைத்துப் பாடம் நடத்தினேன். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானமும் நான்தானே; எதிரொலிக்கு வருஷா வருஷம் அந்த உதாரணத்தைத்தான் சொன்னேன். முப்பத்து நாலு வருஷம்! எத்தனை பிள்ளைகள் பரீட்சையில் எழுதியிருப்பார்கள்! அது எதிரொலி இல்லை. பத்தமடைப் பெண்கள்.

திரும்பும் வழியில் மைதீனிடம் புலம்பினேன். “கருவி நூறு மீட்டர் தப்புன்னு ஒரு வாரமா ஏசுதீரு. நீரு அம்பத்து மூணு வருஷமா எம்பது மீட்டர் தள்ளி நின்னு கும்பிட்டிருக்கீரு. அதுக்கு இது தேவலை வே” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். பெரியதையே வாங்கு. பேரனின் முடியை என் தாத்தா விளக்கு வைத்த நம் சொந்தச் சாஸ்தாவிடம், அக்கரையில்தான் இறக்க வேண்டும். இனி ஒரு மீட்டர் பிசகக்கூடாது. அந்த ராணுவத்தாரிடம் பங்குனி உத்திரத்துக்கு ஒரு நாள் மட்டும் சரியான கணக்கைத் தர முடியுமா என்று விசாரித்துப் பார்.

விஜயஸ்ரீயைக் குளிரில் வெளியே போகவிடாதே. பேரனுக்கு என் முத்தம். அவன் தலைமுடியை அங்கே யாரும் கத்தரித்துவிடாமல் பார்த்துக்கொள். எந்தக் கரையில் நின்றாலும் எங்கள் ஆசி உங்களோடு இருக்கும்.

அன்புள்ள அப்பா,
ஞானசம்பந்தன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. “கல்யாணமாகி வந்த வருஷமே எனக்குத் தெரியும். நாங்க மூணு தரம் குலவையிட்டா அங்கன அஞ்சு தரம்லா கேட்டுது” என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க வாத்தியார்லா” என்றாள். மேலே எழுதிய முடிவையும் அடித்துவிடச் சொல்கிறாள். இத்தனை வருஷம் நம் பொங்கலை வாங்கிக்கொண்டு உன்னையும் கொடுத்த இக்கரைச் சாஸ்தாவை, ஒரு கல்விளக்கு எழுத்துக்காக விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. பேரனுக்கு இக்கரையில் பாதி, அக்கரையில் பாதி இறக்க வேண்டுமாம். ஆகவே நீ சின்னதோ பெரியதோ எதை வேண்டுமானாலும் வாங்கு. எந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளிச் சொன்னாலும் அங்கே நமக்கு ஒரு சாஸ்தா இருப்பார். பாறை தாண்டத் தெரிந்த நாவிதரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.