அப்பாவுக்கு மட்டும் புரியாத 'பிஸி'

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரமும் அல்ல, மின்சாரமும் அல்ல. 'பிஸி' என்னும் ஆங்கிலச் சொல்தான். அதற்கு 'ஓய்வில்லாத' என்று பொருள் எழுதிய அகராதிக்காரர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார். "வேலை இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், "என்ன வேலை?" என்று கேட்டுவிடுவார்கள். "பிஸி" என்றால் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் நாகரிகம் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரே ஒருவர்தான் உண்டு, அப்பா.

அவருக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய்க் கட்டைப் பிரிக்க வேண்டும். தனியாகத் தெருவைக் கடக்க அவரால் முடியாது. எந்தப் பிள்ளை கூட்டிப்போவது என்று முடிவு செய்ய அன்று காலையே பெரியண்ணன் தலைமையில் வீடியோ கூட்டம் கூடியது. அப்பாவும் 'சிறப்பு அழைப்பாளராக' இருந்தார். அவருக்கு எங்கள் குரல் கேட்கும். படம் வெறும் புகை.

"நான் ரொம்ப பிஸி. முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்" என்றார் பெரியண்ணன், சோபாவில் மல்லாந்தபடி. அவர் சொன்னது சத்தியம். அந்த மீட்டிங் இதுதான்.

"நானும் பிஸி. வண்டி ஓட்டிட்டிருக்கேன்" என்றார் சின்னண்ணன், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை" என்றேன் கடைக்குட்டியான நான். எனக்குப் பின்னால் பிரிட்ஜ் திறந்து கிடந்தது. அண்ணன்கள் இருவரும் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனது அவர்களுக்கு.

"பிஸின்னா என்ன வேலைப்பா?" என்றார் அப்பா.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா" என்றார் பெரியண்ணன்.

"யாராவது வாசல்ல இறக்கி விட்டாக்கூடப் போதும். உள்ள சுவத்தைப் பிடிச்சிட்டே போயிடுவேன்."

இந்தக் கோரிக்கை 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது. போன தடவை பல் டாக்டரிடம் கூட்டிப்போனது யார் என்பதில் விவாதம் சூடு பிடித்தது. மருத்துவமனை என் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி இருக்கிறது என்ற அற்ப விஷயத்தைச் சின்னண்ணன் கிளப்பினார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று நான் தள்ளுபடி செய்தேன். நடுவே அப்பா திரையிலிருந்து காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் பேசிக் கடைசியில், அடுத்த ஞாயிறு மறுபடி கூடிப் பேசுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தபோது அப்பா திரும்பவும் வந்தார். கண்ணில் கட்டு இல்லை.

"எதிர்வீட்டுத் தையல்காரர் கடையைச் சாத்திட்டு வந்து கூட்டிட்டுப் போனாருப்பா. கட்டைப் பிரிச்சிட்டாங்க."

பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"பெரியவனே, சோபாவுல அப்படிப் படுக்காதே, கழுத்து பிடிச்சுக்கும். நடுவுலவனே, போர்வையை உதறிப் போத்திக்கோ. சின்னவனே, பிரிட்ஜை மூடுப்பா."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இப்ப எல்லாம் தெளிவாத் தெரியுது."

மூன்று கேமராக்களும் ஒரே நேரத்தில் அணைந்தன. அப்பா பேசி முடித்த மறுநொடியே, 'பிஸி' என்று சொல்லாமல், பிள்ளைகள் மூவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.