ஜோஷ்வாவின் பாட்டில் ஒரு விசில்

"விசில் கேக்குது மாப்ளே."

ஜெபசிங் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டிக்கெட் எடுக்காமல் ஜன்னலோரம் உறங்குவதுபோல் நடிக்கும் பயணியைக் கண்டுபிடித்துவிட்ட நிதானம் அவர் முகத்தில் இருந்தது.

"எந்த எடத்துல மாமா?" என்று ஜோஷ்வா கேட்டான்.

"எந்த எடம்னு இன்னாத்த சொல்றது? மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் கீது. சன்னமா, கீ...ன்னு."

ஜோஷ்வா திருப்போரூரில் மனை விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். மாலை வேளைகளில், கோவளத்து வீட்டின் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்துக் கடலின் இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டு, கணினியில் இசையமைப்பான். இம்முறை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை அவனே எழுதி, மெட்டமைத்து, மனைவி ரெஜினாவைப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தான். பண்டிகைக்கு முன் சபையார் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸில் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர், கேரல் கமிட்டியின் செயலாளரான ஜெபசிங். அவர் ஜோஷ்வாவின் மாமனார்தான். ஆயினும், பேருந்து நடத்துநராக இருந்த காலத்தில் சொந்தத் தம்பிக்கே டிக்கெட் கிழித்தவர். மருமகன் என்பதற்காக ஒரு விசிலைக் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிட அவரால் முடியாது.

"ஞாயித்துக்கெயம கோயில்ல பாட்ட அறிவிக்கணும். அதுக்குள்ள விசில எடுத்துட்டு வா. இல்லாங்காட்டி வருசா வருசம் போடுற பழைய பாட்டுதான்."

"எனக்குக் கேக்கலையே மாமா."

"செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல வாழ்நாள் பூரா விசில் ஊதுனவன் நானு. எனக்குத் தெரியாத விசிலா?"

ஹெட்போனில் கேட்டால்தான் நுட்பமான குறைகள் தெரியும் என்று வற்புறுத்தி, டிசம்பர் பனிக்காக அவர் அணிந்திருந்த கம்பளிக் குல்லாவின்மேல் அதை மாட்டிவிட்டவனே ஜோஷ்வாதான். தானே கேட்கச் சொல்லிவிட்டுக் கேட்டவரைக் குறை சொல்வது முறையன்று.

அவன் ராமதாஸிடம் யோசனை கேட்டான். ராமதாஸ், விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நண்பன். ஒலி சம்பந்தமாக எதைக் கேட்டாலும் அவனிடம் உடனே விடை கிடைக்கும். அது சரியான விடையா என்பது பிறகுதான் தெரியவரும்.

"ஈக்வலைசர் போடு மச்சான். விசிலுன்னா அது மேல்சத்தம். அத்தோட தலையில ஒரு தட்டு தட்டு, அடங்கிடும்."

ஈக்வலைசர் என்பது, ஒரு பாட்டில் உள்ள அடியொலியையும் நடுவொலியையும் உச்ச ஒலியையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் மென்பொருள். கணினியிலேயே இலவசமாக இருந்த ஒன்றை ஜோஷ்வா திறந்தான். விசில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாததால், அது இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் குறைத்தான்.

ரெஜினா கேட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, போர்வைக்குள்ள படுத்துகினு பாடுறா மாதிரி கீது?"

"விசில் போயிடுச்சா, அத்த சொல்லு."

"விசிலு முன்னயும் இல்ல, இப்பயும் இல்ல. நான்தான் போயிட்டேன்."

ஜெபசிங் அன்று மாலை தம் தீர்ப்பை வழங்கினார்.

"விசில் அப்பிடியே கீது மாப்ளே. பாடுற பொண்ணுக்குத்தான் சளி புடிச்சிகீது."

"மாமா, அது உங்க பொண்ணு."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், கஷாயம் வெச்சிக் குடு."

ராமதாஸ் இதைக் கேட்டுச் சிறிதும் கலங்கவில்லை.

"இலவசம்னா அப்பிடித்தான் மச்சான். பழைய காலத்து ஸ்டுடியோ மெஷின் மாதிரியே ஒரு பிளகின் கீது. அத்த போட்டா பாட்டுக்கு ஒரு கனம் வரும்."

அந்த இரண்டாவது ஈக்வலைசர் திரையில் தோன்றியபோது, அதன் குமிழ்களில் துருவும் மூலைகளில் கீறலும் வரையப்பட்டிருந்தன. பழைய இயந்திரத்தின் உருவத்தை மட்டுமன்றி, அது எழுப்பிய 'ம்ம்ம்' என்ற உறுமலையும் அது உண்மையாகவே எழுப்பியது. அந்த உறுமலை நிறுத்த ஓரத்தில் ஒரு சிறு விசை இருந்தது. ஜோஷ்வா அதை அலங்காரம் என்று எண்ணிக்கொண்டான்.

"இவ்ளோ நாள் விசில் தனியா இருந்துச்சு" என்றார் ஜெபசிங். "இப்ப தொணைக்கு ஒரு வண்டும் வந்துகீது."

வண்டை விரட்ட ஜோஷ்வா அடியொலியைக் குறைத்தான். தபேலா காணாமல் போனது. தபேலாவை மீட்க நடுவொலியைக் கூட்டினான். ரெஜினா டப்பாவுக்குள்ளிருந்து பாடினாள். டப்பாவை உடைக்க உச்ச ஒலியைக் கூட்டினான்; அங்கேதான் விசில் இருக்கிறது என்று நினைவு வரவே, மறுபடியும் குறைத்தான்.

ஒரு நண்டு இருந்ததாம். அதன் கால்களில் ஒன்று நீளம் என்று யாரோ சொன்னார்கள். நண்டு அதைக் கொஞ்சம் கத்தரித்தது. உடனே மற்றொன்று நீளமாகத் தெரிந்தது. அதையும் கத்தரித்தது. எல்லாக் கால்களும் சமமாகிவிட்ட நாளில், நடப்பதற்கு அதனிடம் ஒரு கால்கூட மிச்சமில்லை. அந்த நண்டாவது அத்துடன் நிறுத்திக்கொண்டது. ஜோஷ்வா மூன்றாவது ஈக்வலைசரைத் தேடிப் போனான்.

மூன்றாவது அறிவுள்ளது. பாட்டைத் தானே கேட்டு, குறைகளைத் தானே கண்டறிந்து திருத்தும் என்று சொல்லியிருந்தார்கள். அது ரெஜினாவின் குரலை நெடுநேரம் ஆராய்ந்து, பாடுபவர் ஓர் ஆண் என்ற முடிவுக்கு வந்து, அதற்கு ஏற்றபடி திருத்தியது. மேலும் அது பணம் செலுத்தாத சோதனைப் பதிப்பு. ஆகவே பாட்டின் நடுவே அவ்வப்போது சத்தத்தை அறவே நிறுத்தி, தன்னை வாங்குமாறு நினைவூட்டியது.

ஜெபசிங் ஹெட்போனைக் குல்லாவின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"யாரோ அண்ணாத்த ஒருத்தரு பாடுறாரு. நல்லாத்தான் கீது. நடுநடுவுல பாட்டு நின்னுபோவுது. ஆனா மாப்ளே, பாட்டு நிக்கும்போதுகூட அந்த விசிலு நிக்கல."

ஜோஷ்வா திகைத்துப்போய் ராமதாஸுக்கு போன் செய்தான். ராமதாஸுக்கோ இதில் திகைப்பதற்கு ஒன்றும் தென்படவில்லை.

"டப்பு குடுக்காதவனுக்கு விசில் அடிச்சுக் காட்டுறான் மச்சான்! முழுசா வாங்கிடு, நின்னுடும்."

விளக்கம் பொருத்தமாகவே இருந்தது. ஜோஷ்வா வாங்கிவிட்டான்.

மறுநாள் காலை ரெஜினா கேட்டாள். "கிறிஸ்துமசுக்கு வெச்ச காசுல பொடவ எடுக்க எப்ப போறோம்?"

"எடுத்த மாதிரிதான்."

"எங்க கீது?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

ரெஜினா சிறிது நேரம் கணினியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நல்லா வாய்ச்சிகீது எனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் ஆயப் போனாள். போகும்போது தன் போனை எடுத்து, எந்த ஈக்வலைசரும் தொடாத முதல் பதிவை ஒலிக்கவிட்டாள். அது ஒன்றில்தான் அவள் அவளாகவே பாடியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை இருவரும் ஜெபசிங் வீட்டுக்குப் போனார்கள். ஜோஷ்வாவின் மடிக்கணினியில், பணம் செலுத்திய ஈக்வலைசரால் திருத்தப்பட்ட பாட்டு இருந்தது. இனிமேல் அவகாசம் இல்லை. சமையலறையில் மாமியார் ஞானம்மாள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்க, உதவிக்குப் போன ரெஜினா வழக்கம்போல் போனில் அந்த முதல் பதிவைப் போட்டாள்.

ஜெபசிங்கின் தலை நிமிர்ந்தது.

"மாப்ளே, இது எப்ப பண்ணது? கேளு, எவ்ளோ சுத்தமா கீது! இப்பிடி ஒண்ணு பண்ணிக் குட்த்தா நான் வேணான்னா சொல்லப்போறேன்?"

"மாமா, இது நான் மொதமொதல்ல குட்த்த பாட்டு. நீங்க விசில் கீதுன்னு திருப்பி அனுப்புனது."

"அதுல விசில் இருந்துச்சே."

"இப்ப?"

ஜெபசிங் உற்றுக் கேட்டார். நேர்மையான மனிதர், இல்லாததை இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை.

"இப்ப இல்ல" என்றார் தயக்கத்துடன். "எதுக்கும் அந்த ஹெட்போன்ல ஒருவாட்டி பாத்துடலாம். தூரத்துல கேட்டுட்டு முடிவு சொல்றது தப்பு."

ஜோஷ்வா ஹெட்போனை எடுத்து, குல்லாவின்மேல் கவனமாகப் பொருத்தினான். ஜெபசிங் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய விரல் மெல்ல உயர்ந்தது.

"ஆங்! வந்துடுச்சு பாரு. விசிலு! அதேதான்!"

"மாமா" என்றான் ஜோஷ்வா, "நான் இன்னும் பாட்டே போடல."

அச்சு முறுக்குத் தட்டுடன் வெளியே வந்த ஞானம்மாள், கணவரின் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டை மேசைமேல் வைத்தார்.

"வயசாயிட்ச்சுன்னு ஊரு சொல்லும்னு காது மெஷின குல்லாக்குள்ள ஒளிச்சி வெச்சிகினு, அது மேல இவ்ளோ பெரிய மூடியையும் போட்டு அமுக்குனா, அது விசில் அடிக்காம இன்னாய்யா செய்யும்?"