ஒரு லென்ஸும் இரண்டு தாலியும்

ஒரு திருமணம் சட்டப்படி செல்லுபடியாவதற்கு மாப்பிள்ளை, பெண், தாலி, சாட்சி ஆகியவை போதும் என்று பொதுமக்களிடையே நெடுங்காலமாக ஒரு தவறான கருத்து நிலவி வந்தது. சேலையூரில் அந்தக் கருத்து சென்ற தை மாதம் திருத்தப்பட்டது. திருத்தம் நடந்தபோது சாட்சி என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

மாப்பிள்ளை சூர்யா, எங்கள் பக்கத்து வீட்டு கங்கையம்மாளின் ஒரே பிள்ளை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆன கையோடு கம்பெனி அவனை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தது. திருமணச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மனைவிக்கும் சேர்த்து விசா. கொடுக்காவிட்டால் அவன் மட்டும் போவான். புதுப்பெண் மஹாலட்சுமி மாமியாரோடு இங்கே இருப்பாள். கங்கையம்மாள் நல்ல மனுஷிதான். ஆனாலும் இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்.

இந்த நல்ல காரியத்தில் விக்கி வந்து சேர்ந்தான். சூர்யாவின் கல்லூரி நண்பன். பொத்தேரியில் ரூம் எடுத்து, கேமராக்களை ஒப்பிட்டு வீடியோ போடுவதைத் தொழிலாகக் கொண்டவன். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் கேமரா ஒன்று அவனிடம் பழைய மாடலிலும், அதே கேமரா புது மாடலிலும் இருந்தன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதற்காக அவன் மாடிச் சுவரையும் ஒரு பூனையையும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருந்தான். பூனை சமீபத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டது.

"மச்சான், உன் கல்யாணந்தான்டா செம டெஸ்ட்டு. தாலி கட்டற சீன்ல எல்லாமே கீது. தங்கம், பட்டு, புகை, கண்ணீரு. செவுத்த எடுத்து எடுத்து வெறுத்துப் போச்சுடா" என்றான்.

கேம்ப் ரோடு மண்டபத்தில் முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்க, சூர்யா தாலி கட்டினான். விக்கி பழைய கேமராவில் படம் எடுத்தான். அட்சதை போட்ட கை காய்வதற்குள் ஜனம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கித் திரும்பியது. தலைமை தாங்கிச் சென்றது நான். முதல் பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது. சட்டம் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்திருந்தால் இரண்டாவது பந்திக்குப் போயிருப்பேன்.

மேடையில் அப்போது விக்கி, "யாரும் எந்திரிக்காதீங்க! லென்ஸ மாத்தறேன்" என்று கத்தியிருக்கிறான்.

"இன்னாடா மாத்தற? அதான் கட்டிட்டானே" என்றாள் கங்கையம்மாள்.

"ஆன்ட்டி, கேமரா ரெண்டு, லென்ஸ் ஒண்ணு. ஒரே லென்ஸுல எடுத்தாத்தான் நியாயமான போட்டி. இன்னொரு தபா கட்டட்டும்."

கட்டிய தாலியை அவிழ்ப்பது அபசகுனம். ஆகவே மஞ்சள் கிழங்கு கோத்த இன்னொரு கயிறு தயாரானது. ஐயருக்குப் பெருங்களத்தூரில் அடுத்த முகூர்த்தம், கிளம்பிவிட்டார். நாதஸ்வரக்காரர் எனக்கு எதிர் இலையில் இருந்தார். விக்கியே போனில் கெட்டிமேளத்தைப் போட்டான். சூர்யா இரண்டாம் முறையாகத் தாலி கட்டினான். புது கேமரா அதை மிகத் துல்லியமாகப் பதிவு செய்தது.

கல்யாணப் பதிவுக்குப் போன அலுவலகம் எது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த அலுவலகத்தில் திருமணப் படங்கள் ஒப்புநோக்குப் பிரிவு என்று ஒன்று, அதற்கு சம்பத் என்று ஓர் அதிகாரி. விண்ணப்பத்தோடு ஒரு படம் வைத்தால் போதும். விக்கி இரண்டையும் வைத்திருந்தான். "எது சூப்பரா கீதோ அத சார் எடுத்துக்கட்டும்" என்பது அவன் எண்ணம். அதிகாரிகள் தேர்ந்தெடுப்பதில்லை, விசாரிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

சம்பத் இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் படத்துல பொண்ணு கழுத்து காலியா இருக்கு. தாலி கட்றாரு. சரி. இதுல, கழுத்துல ஏற்கெனவே ஒரு தாலி தெளிவாத் தெரியுது. அதுக்கு மேல இன்னொண்ணு கட்றாரு. ஏற்கெனவே கல்யாணமான பொண்ணைக் கல்யாணம் பண்ணியிருக்கீங்க, தம்பி."

"சார், அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனது என்கூடத்தான்" என்றான் சூர்யா.

"அப்ப ஒத்துக்கறீங்க. உங்களுக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கு. முதல் மனைவி உயிரோட இருக்காங்களா?"

"நான்தான் சார் அது" என்றாள் மஹாலட்சுமி.

"சந்தோஷம். ரெண்டாவது மனைவி?"

"அதுவும் நான்தான்."

சம்பத் பியூனைக் கூப்பிட்டார். "இன்னொரு நாற்காலி போடுப்பா. ரெண்டு பேர் வந்திருக்காங்க, ஒருத்தரை நிக்க வைக்கறது மரியாதை இல்ல."

நாற்காலி வந்தது. இடது பக்கம் முதல் மனைவிக்கு, வலது பக்கம் இரண்டாவது மனைவிக்கு. கேள்வி யாருக்கோ அந்த நாற்காலிக்கு மஹாலட்சுமி மாறி மாறி உட்கார வேண்டியதாயிற்று.

"உங்க கணவர் ரெண்டாவது கல்யாணம் பண்ணப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கேயேதான் சார். பக்கத்துல."

"தடுக்கலையா?"

"விக்கி ரொம்பக் கெஞ்சினான் சார்."

மூன்றாம் நபரின் தூண்டுதலால் என்று சம்பத் எழுதிக்கொண்டார். பிறகு வலது நாற்காலியைப் பார்த்து, "இவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். "தெரிஞ்சேவா!" என்று சம்பத் வருத்தப்பட்டார். அவருக்கும் பெண் குழந்தைகள் இருக்கிறார்களாம்.

கங்கையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், ஒரே பேஜாரா கீது? கீறது ஒரே பொண்ணு. நான் மாமியாரு சொல்றேன்."

"அம்மா, நீங்க யாருக்கு மாமியார்?"

"இவளுக்கு."

"எவங்களுக்கு? மூத்தவங்களுக்கா, இளையவங்களுக்கா?"

கங்கையம்மாள் இடது நாற்காலியைப் பார்த்தாள். வலது நாற்காலியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வினை அங்கேதான் முளைத்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து நான்.

"சாட்சி, நீங்க முதல் படத்துல இருக்கீங்க. ரெண்டாவது படத்துல ஏன் இல்ல?"

"சாப்பிடப் போயிருந்தேன்."

"ஒரு கல்யாணம் நடந்துட்டு இருக்கும்போதேவா?"

"ஒரு கல்யாணம் முடிஞ்சிட்டுதே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் சம்பத் வெற்றியோடு. நான் முதல் கல்யாணத்துக்கு மட்டுமான சாட்சியாகக் குறிக்கப்பட்டேன். இரண்டாவது கல்யாணத்தில் ஐயர் இல்லை, மேளம் இல்லை, ஜனமும் இல்லை. ஆனால் படம் அருமையாக இருந்தது. முதல் கல்யாணத்தில் ஜனம் நிறைய. படம்தான் கொஞ்சம் மங்கல். அலுவலகம் பெரிய தர்மசங்கடத்துக்கு உள்ளானது.

"ஒரு படத்தைத் தள்ளுபடி செஞ்சாத்தான் ஒரு கல்யாணம் மிஞ்சும். எந்த கேமரா நம்பகமானதுன்னு தெரியாம எதையும் தள்ள முடியாது. ரெண்டையும் கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை காலை விக்கி இரண்டு கேமராக்களோடு வந்தான். தன் பேச்சை ஒரு அரசாங்க அலுவலகம் உட்கார்ந்து கேட்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"சார், பழசுல கண்ண வெச்சிப் பாக்க ஜன்னல் கீது, புதுசுல கெடையாது. ஆனா புதுசுல திரை திரும்பும், நம்ம மூஞ்சிய நாமளே பாத்துக்கலாம். அப்பறம் முக்கியமான மேட்டரு, புதுசு தானாவே கண்ணக் கண்டுபிடிக்கும். மனுஷன் எங்க நின்னாலும் கண்ணு மேல பச்சைக் கட்டம் வந்து குந்திக்கும்."

"நிரூபிங்க" என்றார் சம்பத்.

விக்கி புது கேமராவைப் பிரிவின் பக்கம் திருப்பினான். கேமரா வலப்பக்கம் தேடியது, இடப்பக்கம் தேடியது, மூலையில் பீரோவரைக்கும் போய்த் திரும்பியது. அந்தப் பிரிவில் திறந்திருந்த கண் ஒன்றும் அதற்கு அகப்படவில்லை. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. சம்பத் ஊழியர்களை எழுப்பச் சொன்னார்.

எழுந்தவர்களுக்கு விஷயம் பிடித்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு கேமராவிலும் நின்றார்கள். பழசில் தொப்பை தெரிகிறது என்று ஒருவர், புதுசில் நரை தெரிகிறது என்று ஒருவர், பிரிவே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. விண்ணப்பத்தோடு வந்த பொதுமக்களும் தங்கள் வேலையை மறந்து, பழசா புதுசா என்று விவாதத்தில் இறங்கினார்கள். மதியம் டீ வந்தபோது சம்பத் எழுந்து நின்று, புதிய தொழில்நுட்பமே ஏற்கத்தக்கது என்று தீர்ப்பு சொல்லப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து விக்கி தன் போனைப் பார்த்தான். "ஐயோ சார்! அடுத்த மாடல் இன்னிக்கிக் காலைல வுட்டுட்டாங்க! இது பழசாயிடுச்சு!"

சம்பத் பேனாவை மூடினார். "அப்ப நம்மகிட்ட இருக்கறது ரெண்டும் பழசு."

"ரெண்டு வாரத்துல கடைக்கு வந்துரும் சார். மச்சான், மூணாவது தபா கட்டிரலாமாடா?"

சூர்யா அவனை அடிக்கக்கூடச் சக்தியில்லாமல் சுவரில் சாய்ந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்றிதழ் கம்பெனியில் இருக்க வேண்டும். மஹாலட்சுமியின் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகள். பந்தியில் முந்திக்கொண்ட என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மஹாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாற்காலிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் வலது நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"சார், இங்க நாங்க ரெண்டு பேர் இருக்கோம் இல்லையா?"

"ஆமாம்மா. ஆவணத்துல அப்படித்தான் இருக்கு."

"மூத்தவங்க கல்யாணம் இப்ப விசாரணையில இருக்கு. விசாரணையில இருக்கற கல்யாணம் நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது. நடக்கலைன்னும் சொல்ல முடியாது."

"நடந்துச்சுன்னு சொல்ல முடியாதப்ப, என் கல்யாணம் எப்படி சார் ரெண்டாவது ஆகும்? மூத்தவங்க இங்கயே இருந்து உங்க விசாரணைக்கு ஒத்துழைக்கட்டும். பழைய கேமரா, புது கேமரா, வரப்போற கேமரா எல்லாத்தையும் அவங்க ஃபைல்ல போட்டுக்கோங்க. எனக்கு சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுங்க, நான் என் புருஷனோட போறேன்."

சம்பத் கண்ணாடியைக் கழற்றினார். "என் சர்வீஸ்ல இவ்வளவு முறையா ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லம்மா. ஆனா மூத்தவங்களுக்கு ஆட்சேபணை இருந்தா?"

மஹாலட்சுமி இடது நாற்காலிக்கு மாறி, "இல்லைங்க. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"பெரிய மனசு" என்றார் சம்பத். கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டார். இரண்டாம் கல்யாணத்துக்கு விக்கி சாட்சிக் கையெழுத்துப் போட்டான். மூன்று மணிக்குச் சான்றிதழ் கையில் வந்தது. அடுத்த மாதம் இருவரும் விமானம் ஏறினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் மனைவியின் விசாரணை நிலுவையில் இருக்கிறதே. மாதம் தவறாமல் அவள் பெயருக்கு நோட்டீஸ் வருகிறது. கங்கையம்மாள் வாங்கி, பழைய கேமராவில் எடுத்த கல்யாணப் படத்தடியில் வைக்கிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

"மூத்தவ தங்கம்" என்றாள் போன வாரம், எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே. "ஒரு நாளும் எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. ஜெர்மனி வேணும்னு கேட்டாளா? நல்லா இருக்கட்டும்னு வாய்தொறந்து சொன்னாளே! இந்த எளையவ கீறாளே, எம்புள்ளய இட்டுகினு போய்ட்டா. இங்க கீறது ஆரு? அவதானே, பாவம்."

"கங்கையம்மா, ரெண்டும் ஒரே பொண்ணு" என்றேன்.

"ஆம்பளைங்களுக்கு அப்டித்தான் இருக்கும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம். விக்கி இரண்டு படங்களையும் வீடியோவில் போட்டு, யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறான். அவன் இதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதானாம். மூத்தவளுக்குத்தான் ஆதரவு. பழைய கேமராவில் அவள் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள்.

நேற்று சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து வீடியோ கால் வந்தது. என் மனைவி சுப்புலட்சுமி எடுத்தாள். அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, அட்சதை போட்டவள் அவள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றது மஹாலட்சுமியின் குரல்.

"என்னை அக்கான்னு கூப்பிடாதம்மா. மூத்தவ ஒருத்தி இங்க கண்ணீர் விட்டுட்டு இருக்கா. முதல்ல அவளை அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லி சுப்புலட்சுமி போனை என் கையில் திணித்தாள்.

நான் ஏதோ பேசிச் சமாளித்தேன். ஜெர்மனியில் குளிர் அதிகமாம். பிறகு போனை வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்து வைத்தேன். நாளை எனக்கு மறுபடியும் விசாரணை இருக்கிறது. ஆவணப்படி முதல் கல்யாணத்துக்கு நான் ஒருவன்தான் சாட்சி. இந்த முறை அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் அழுத்தமாகவே பேசப் போகிறேன். பாவம், கேட்க ஆளில்லாதவள்.