விசேஷ வரிக்கு நான் எழுதிய மனு

எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. யோசனை வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த மனுவை எழுதியதில்தான் வெட்கம்.

தேனிச் சந்தையில் எனக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை. முப்பதுகளில் சந்தை பெருத்து, ஊருக்குள் வீடு கிடைக்காமல் போனபோது, கிழக்கே கிடந்த சோளக்காட்டை மனை போட்டு விற்றார்கள். பத்தொன்பது வீடுகள் முளைத்தன. புதுப்பேட்டை என்று பேர். மழை பெய்தால் தெருவில் முழங்கால் சேறு. அதில் நானும் ஒரு வீடு கட்டினேன். முக்கால் வீடு என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்படிக்கு ஓடு போடுவதற்குள் கை வறண்டுவிட்டது. என் மனைவி அன்னக்கிளி வானத்தைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு போட்டுத் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தண்டோரா வந்தது. ஊர்ப் பஞ்சாயத்து போர்டார் புதுப்பேட்டைக்கு ரோடு போட்டு, சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் வெட்டப் போகிறார்களாம். பயன் புதுப்பேட்டைக்காரர்களுக்கு என்பதால் செலவும் அவர்களுடையதாம். வீட்டு வரிக்கு மேலே விசேஷ வரி ஒன்று வருஷா வருஷம் கட்ட வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுத்தில் கொடுக்கலாமாம்.

(இப்போது யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. ரோட்டில் நடக்கிறவன்தானே ரோட்டுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.)

"வரி வந்தா ஓடு வராது" என்றாள் அன்னக்கிளி. எனக்கு அது போதும்.

பக்கத்து வீட்டு இரும்புக்கடை தேவசகாயம் அண்ணன் நிதானமான ஆள். "பெரியகுளத்துல தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவுக இருக்காக. அவுககிட்டக் குடுத்து எழுதுவமா?" என்றார்.

"எதுக்குண்ணே? நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"அஞ்சாப்பு வரைக்குமா, அஞ்சாப்பையேவா?"

(அஞ்சாப்பில் மட்டும் மூன்று வருஷம் இருந்தேன். அவருக்குத் தெரியும்.)

அன்றே உட்கார்ந்து எழுதினேன். சத்திரத்துக்கும் மடத்துக்கும் போர்டார் வரிவிலக்குக் கொடுத்திருந்தார்கள். அதையே பிடித்துக்கொண்டேன். அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று தாள் கிழியக் கிழிய எழுதினேன். அன்னக்கிளி வடுகபட்டியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். "குடுங்க, ஒரு தடவ பாத்துத் தாரேன்" என்று கையை நீட்டினாள். "போர்டு விவகாரம் பொம்பளைக்கு எதுக்கு?" என்றேன். (அந்த வரியைக் கட்டி முடித்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

வீடு வீடாகப் போய் மனுவை உரக்க வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "காரமா இருக்குலே" என்றார் தேவசகாயம் அண்ணன். பத்தொன்பது வீட்டிலும் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகப் போர்டு ஆபீசில் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பேட்டையே கிளம்பியது. பிரசிடெண்டு எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரி வேண்டாம் என்று வருகிறவனுக்கு எந்தப் பிரசிடெண்டு எழுந்து நிற்பார்?

"வேற பேட்டையில வரின்னு சொன்னாலே கல்லத் தூக்கிட்டு வாறாக. இவுகளப் பாருங்க" என்று மற்ற மெம்பர்களிடம் சொல்லிவிட்டு, என் மனுவை எடுத்து வாசித்தார். "விசேஷ வரி விஷயமாக எங்களுக்கு உடனே விளக்கு வேண்டும். சத்திரத்துக்கு விளக்குக் கொடுத்தீர்கள். மடத்துக்கு விளக்குக் கொடுத்தீர்கள். நாங்கள் மட்டும் இளித்தவாயர்களா? விளக்குக் கிடைக்காமல் விட மாட்டோம்."

சரியாகத்தான் வாசிக்கிறார் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். தேவசகாயம் அண்ணன் என் தொடையைக் கிள்ளினார்.

"ஏலே சோலை, என்ன எழுத்துலே போட்ட?"

"லானாதான்."

"எந்த லானா?"

"எத்தன லானாண்ணே இருக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, என்னைக் கொல்லாமல் இருக்கப் பாடுபட்டாரா, தெரியாது. என் நாக்குக்கும் காதுக்கும் விலக்கும் விளக்கும் ஒன்றுதான். வீடு வீடாகப் போய் வாசித்தபோது அவர்கள் கேட்டது விலக்கு. தாளில் இருந்தது விளக்கு.

நான் எழுந்தேன். "ஐயா, அதுல ஒரு தப்பு."

"என்ன தப்பு? மூணு விளக்குக் கம்பம் பத்தாதா? நாலாப் போட்டுருவோம்."

"அதில்லங்கய்யா. வரியே வேண்டாமின்னு..."

"ஆட்சேபம் சொல்லக் கெடு போன வாரமே முடிஞ்சுபோச்சு தம்பி. ஒண்ணுகூட வரல. மண்ணெண்ணெய்ச் செலவ யாரு தலையில போடன்னுதான் விளக்க ஒத்தி வச்சிருந்தோம். நீங்களே கேட்டுட்டீக."

ரோடு, வாறுகால், விளக்கு மூன்றையும் சேர்த்து விசேஷ வரியை உயர்த்தித் தீர்மானம் போட்டார்கள். எனக்கு மாலையும் போட்டார்கள். மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களும் கை தட்டவில்லை. திரும்பி நடந்தபோது எல்லாரும் என்னை விட்டுப் பத்தடி முன்னால் போனார்கள். மாலையைக் கழற்றி ஒரு மாட்டுக்குக் கொடுத்தேன். அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முதல் கம்பத்தை என் வீட்டு வாசலிலேயே நட்டார்கள். மனு கொடுத்தவருக்கு மரியாதையாம். ஐப்பசி வந்தது, மழை வந்தது, ஓடு வரவில்லை. அன்னக்கிளி அடுப்புக்கு மேலே சாக்கைக் கட்டிச் சமைத்தாள். மழை விட்ட ஒரு சாயங்காலம் அடுப்படியில் தெருவிளக்கின் வெளிச்சம் மேலிருந்து தாராளமாக விழுந்தது.

"ஓடு போட்டிருந்தா இந்த வெளிச்சம் கிடைக்குமா?" என்றாள்.

அடுத்த ஐப்பசிக்கு ஓடு போட்டுவிட்டேன். அதற்குள் அவள் இதை ஜெயமங்கலத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை சொல்லி முடித்திருந்தாள்.

பிறகு யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. நாலு கம்பமும் இருட்டில் நின்றன. வரி மட்டும் நிற்கவில்லை. எரியாத விளக்குக்கு எதற்கு வரி என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைத்தெருவில் நின்று நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டு, ஒரு குயர் தாளும் மசிப்புட்டியும் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் பேட்டையே என் வாசலில் நின்றது. இந்தத் தடவை நியாயம் கேட்க நம்மைத்தான் நம்பி வந்திருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தேவசகாயம் அண்ணன் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

"என்னண்ணே இது?"

"மனு. ஒனக்குத்தான். சத்தமா வாசி."

வாசித்தேன். "இனி ஆயுள் முழுவதும் மனு எழுதும் வேலையிலிருந்து உமக்கு விலக்கு அளிக்கிறோம்." அந்த லானாவுக்குக் கீழே சிவப்பு மசியில் இரண்டு கோடு. பத்தொன்பது வீட்டுக் கையெழுத்தும் இருந்தது. முதல் கையெழுத்து அன்னக்கிளியுடையது. மனுவை எழுதியதும் அவள்தான்.

இன்றைக்கும் நான் பேனாவைத் தொட்டால் பிள்ளைகள் அந்தத் தாளைத் தேடி எடுத்து வந்து முன்னால் விரித்துவிடுகிறார்கள். நான் இந்த உலகத்தில் வாங்கிய ஒரே விலக்கு அதுதான். அதையும் நான் கேட்டு வாங்கவில்லை.