நண்டுக் கட்டுரையின் முதல் பெயர்

மஞ்சக்குப்பம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஆன்டோ அவர்களுக்கு, மரிய ஜோசப் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை சகாயசெல்வியும் நலம். குறிஞ்சிப்பாடியில் நீங்களும் கிரேசியும் பிள்ளைகளும் நலமாயிருக்கச் செபிக்கிறோம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டை விரலை மட்டும் காட்டி முடித்துவிடுவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

"நண்டு எண்ணவா மச்சான் பொண்ண சிதம்பரத்துக்கு அனுப்பிருக்கீங்க?" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டீர்களே, அந்த நண்டுகளைப் பற்றி உங்கள் மருமகள் நித்யா மேரி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. பிச்சாவரம் சேற்றில் நண்டு வளை தோண்டுவதால் அங்குள்ள செடிகளுக்கு என்ன லாபம் என்பது பொருள். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியும் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம்.

அச்சாவதற்கு முன் அவள் காட்டிய பிரதியில் நான்கு பெயர்கள். முதலில் நித்யா, அடுத்து அவளுக்கு மூத்த மாணவர் பாலகுமார், பிறகு கனிமொழி, கடைசியில், எல்லோருக்கும் கீழே, அவர்களை வழிநடத்தும் துறைத் தலைவர் பேராசிரியர் ராமாமிர்தம்! அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் பணிமூப்புப் பட்டியல் தயாரித்தவன் நான். ஒரு முறை திருவிழா நோட்டீசில் பங்குத்தந்தையின் பெயர் பாடகர் குழுவுக்குக் கீழே போய்விட, அந்த வருஷம் தேரே தாமதமாகத்தான் நகர்ந்தது. "அப்பா, பேப்பர்ல இப்பிடித்தான் போடுவாங்க" என்றாள். விவரம் தெரியாத பெண் என்று நினைத்து, பதவி, சேர்ந்த தேதி, பிறந்த தேதி ஆகியவற்றின்படி திருத்திய வரிசையைச் சுத்தமாக எழுதிக்கொண்டு, அவளிடம் சொல்லாமல், சாத்துக்குடிப் பையுடன் சிதம்பரம் பஸ் ஏறினேன். என் வரிசையில் பேராசிரியர் முதல், பாலகுமார் அடுத்து, நித்யா கடைசி.

பேராசிரியரின் அறையில் பாலகுமாரும் இருந்தார். நான் நின்றபடியே, "சார், சின்னப் பொண்ணு, தெரியாம தன் பேர மேல போட்டுட்டா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று தாளை நீட்டினேன். அதைப் பாலகுமார் வாங்கிப் படித்துவிட்டு, "பாத்தீங்களா சார், அவுங்க அப்பாவே என்னைய மேல ஏத்திட்டாரு! சீனியாரிட்டின்னா சீனியாரிட்டிதான்" என்றாரே பார்க்கலாம். பேராசிரியர் என்னிடம், "ஐயா, உக்காருங்க. வேலைய யாரு ஜாஸ்தி செஞ்சாங்களோ அவுங்க பேரு மொதல்ல. மொத்தத்துக்கும் பொறுப்பு நானு, அதனால கடைசி. எங்களுக்கு ரெண்டு முனையிலயும் மரியாததான். இப்ப நீங்களே சொல்லுங்க, யார மொதல்ல போடட்டும்?" என்றார்.

மச்சான், என் மகளின் இடத்தை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மேலதிகாரி அறையில் "சரிங்க" தவிர வேறு சொல் பேசியவனில்லை நான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சார், வாராவாரம் அவ கொண்டாற சேத்துத் துணிய ஊறவெச்சு அலசுறது நானு. எத்தினி தண்ணி மாத்தினாலும் கருப்பு போவாது. இந்தத் தம்பி சட்டையில இஸ்திரி மடிப்புகூடக் கலையல. எம்பொண்ணு பேருதான் மொதல்ல இருக்கணும்!" என்றேன். தாளைத் திரும்ப வாங்கி, குறுக்கே 'ரத்து' என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் இட்டேன். பேராசிரியர் சாத்துக்குடியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது அச்சில் முதல் பெயர் நித்யா மேரி. இன்னும் கேளுங்கள்: இனி உலகத்தில் யார் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாலும் 'நித்யா மேரி மற்றும் பிறர்' என்றுதான் எழுதுவார்களாம். துறைத் தலைவரே 'பிறர்'! இதற்குப் பெருமைப்படுவது பாவமா என்று பங்குத்தந்தையைக் கேட்டேன். அளவோடு படலாம் என்றார். அளவு எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன். அதனால் கட்டுரையை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அவசியம் வந்து பாருங்கள்.

தேவமாதா உங்கள் வீட்டாரைக் காக்க. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மரிய ஜோசப்

பி.கு.: தபாலில் போடும் முன் பிழை பார்க்க நித்யாவிடம் கொடுத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. "அப்பா, உங்ககிட்ட காட்டுறதுக்கு முன்னாலயே பேப்பர பத்திரிகைக்கு அனுப்பியாச்சு. என் பேர மொதல்ல டைப் பண்ணதே பாலா அண்ணன்தான். சாரும் அவருமா சேந்து உங்கள வம்புக்கு இழுத்திருக்காங்க!" என்கிறாள். ஆகவே பாலகுமாரைப் பற்றி மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் குரலை உயர்த்திய இடத்தை மட்டும் தயவுசெய்து அப்படியே வைத்துக்கொள்ளவும்.