ஏரிக்கரையில் நாலு இடம்

ஒரேத்தோ, பலெர்மோ
ஆவணி, ஃபெராகொஸ்தோ விடுமுறை கழிந்த வாரம்

அன்பு மச்சான் டெனிஸ்டனுக்கு,

நீரும் தங்கச்சி சந்திரமதியும் ரொறன்ரோவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது, நீங்கள் நலமாக இருப்பதை வாரம் தவறாமல் படம் பிடித்து அனுப்புகிறீர்களே. இங்கு நானும் உமது அக்கா குகனேஸ்வரியும் பிள்ளைகள் கேசிகா, யசிந்தனும் உயிரோடு இருக்கிறோம். நுளம்புக்கடித் தடிப்புகள் மெல்ல வற்றி வருகின்றன. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் குசினிக்குக் கேட்காமல் பேச ஓர் அறை இல்லாதபடியால் எழுதுகிறேன்.

மச்சான், குற்றம் முழுவதும் உம்முடையது. ஆனி மாதம் நீர் ஏதோ ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்து, அரைக் காற்சட்டையோடு கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணிக் கோப்பையும் சிரிப்புமாக ஒரு படம் அனுப்பினீர். உமது அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் உம்மைப் பார்த்தாள், பிறகு ஏரியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கும் மேலை மலைக்குள்ளை ஒரு ஏரி இருக்குத்தானே. ஏன் நாங்கள் ஒருக்காலும் போகேல்லை?"

"வாசலிலை கடல் இருக்கு. அதுக்கே நாங்கள் போறேல்லை," என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அதுவே எனக்கெதிரான வழக்காக மாறியது. அவள் பொலிதேயாமாவில் அலுவலகங்களைத் துடைக்க விடியமுன் போய்விடுகிறாள். நான் என் முதலாளியம்மா சிஞ்ஞோரா எமிலியானா வீட்டில் சமைத்துத் துடைத்து, நாய்க்கும் பணிவிடை செய்து முடித்து வர இருட்டிவிடுகிறது. யசிந்தன் வீட்டில் இருக்கிறானா என்பதைக் காதில் மாட்டும் கருவி மேசையில் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் அறிகிறோம். கேசிகாவோ தாதியர் படிப்புக்குப் புரட்டாதியில் பொலோஞாவுக்குப் போகிறாள்.

"நாலு பேரும் ஒண்டா இருந்து கடைசியாச் சாப்பிட்டது எப்ப எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். யோசித்தேன். ஒரு செத்தவீட்டுத் தேத்தண்ணிதான் நினைவுக்கு வந்தது. "கேசிகா போகமுன்னம் ஒரு நாள். நாங்கள் நாலு பேரும் மட்டும். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

எனக்கு ஏரியில் கோபமில்லை, மச்சான். கூடாரத்தில்தான். இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த காலத்தை நீர் சின்னப் பிள்ளையாக இருந்தபடியால் மறந்திருக்கலாம். உமது அக்காவும் நானும் வேறு வேறு தறப்பாள்களுக்குள் ஒரே மழையில் நனைந்தவர்கள். "கூடாரத்திலை இருக்கேலாமல்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? இப்ப விடுமுறை எண்டு சொல்லித் திரும்ப அதுக்குள்ளை பூருறதோ?" என்று கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அப்ப வேறை போக்கிடம் இல்லாமல் இருந்தனாங்கள். இது பிடிக்காட்டி எழும்பிக் காரிலை ஏறி வீட்டை வரலாம். எனக்கு அதை ஒருக்கால் செய்து பாக்க வேணும்."

சம்மதித்தேன்.

கேசிகா கிளாம்பிங் என்று ஒன்றைக் காட்டினாள். அதில் கட்டில் உண்டு, கம்பளம் உண்டு, தொங்கும் விளக்கு உண்டு. கூடாரம் என்று சொல்லிக்கொள்ள மேலே ஒரு துணி உண்டு. எங்கள் வீட்டை விட வசதியாக இருந்ததால் அதைக் கைவிட்டோம். யசிந்தன், "பாப்பா, அங்கை வைஃபை இருக்கோ?" என்று கேட்டதோடு தன் பங்களிப்பை முடித்துக்கொண்டான். சாதாரண கூடாரம் அடிக்கும் இடமொன்றைக் கேசிகா கணினியில் பதியப் போனாள். இருபது வருடம் இத்தாலியன் கதைக்கும் தகப்பன் நான் இருக்கப் பிள்ளை ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று நானே தொலைபேசி எடுத்தேன். நான்கு பேருக்கு இடம் வேண்டும் என்ற நினைப்பில், "குவாத்ரோ போஸ்தி" என்றேன். நாலு இடம். அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு நான்கு கூடாரங்கள் அடிக்க நான்கு இடங்களைப் பதிந்து தந்தார். முழு இத்தாலியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புல்லில் சாப்பிடப் போகும் ஃபெராகொஸ்தோ நாளில் கிடைத்த இடங்கள். இரத்துச் செய்ய முடியாதாம். உறுதிப்படுத்தும் செய்தி வந்தபோது நான் சிஞ்ஞோராவின் கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலுமாரி தப்பியது பெரிய காரியம்.

உமது அக்காவிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. மிஞ்சிய மூன்று இடங்களையும் ஓசைப்படாமல் யாருக்காவது தள்ளிவிடலாம் என்று, கபோ சந்தையில் மரக்கறி விற்கும் எங்கள் ஏர்னஸ்றின் காதில் மெதுவாகச் சொன்னேன். ஏர்னஸ்ற் இருபது வருடமாகக் கத்திரிக்காய் கூவி விற்கும் தொண்டைக்காரன். "என்ன அண்ணை, ஏரியோ? கூடாரமோ? எனக்கு ரெண்டு இடம் தாங்கோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் மீன்காரச் சிசிலியனும் திரும்பிப் பார்த்தான். மிஞ்சிய ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் அவனோடு கதைத்தது சிஞ்ஞோராவின் காதில் விழுந்தது. அவவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஃபெராகொஸ்தோ தெரியும். அந்த நாளில் தனியாக இருக்க அவவுக்கு விருப்பமில்லை.

ஆக, நாங்கள் நாலு பேரும் மட்டும் போய் இறங்கியபோது, ஏரிக்கரையில் ஏர்னஸ்றின் இரண்டு வான்களும், அவன் மனைவி வழிச் சொந்தங்களும், ஆட்டிறைச்சிக் கிடாரமும், ஒலிபெருக்கியும் எங்களை வரவேற்றன. "அண்ணி, அண்ணை சொல்லாட்டி எங்களுக்கு இப்பிடியொரு இடம் இருக்கெண்டே தெரிஞ்சிராது!" என்றான் ஏர்னஸ்ற். உமது அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கூடாரத் தடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வாடகைக் காரில் சிஞ்ஞோரா வந்தா. மடிக்கதிரை, குடை, நாய். எங்கள் பக்கத்தில் மிஞ்சிய நாலாவது இடத்தில் அமர்ந்து, "விக்னா, ஒரு கஃபே?" என்றா. கால் தானாக எழும்பியது, மச்சான். கோப்பி போட்டேன். நாய்க்குத் தண்ணீர் வைத்தேன். வெயில் திரும்பத் திரும்பக் குடையையும் திருப்பினேன். அவ வீட்டுப் பளிங்குத் தரையில் செய்வதையே புல்லில் செய்தேன். மறுபடியும் "விக்னா!" என்ற குரல் கேட்டு நான் எழும்ப, குகனேஸ்வரி எனக்கு முன்னால் போய் நின்றாள். அவள் சிஞ்ஞோராவோடு இதுவரை வணக்கத்துக்கு மேல் கதைத்ததில்லை.

"ஓஜ்ஜி நோ, சிஞ்ஞோரா. விக்னா இண்டைக்கு இன் ஃபெரியே," என்றாள். பதற்றத்தில் பாதி தமிழ். இன்றைக்கு இல்லை, விக்னா விடுமுறையில் இருக்கிறார்.

சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினா. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த வேலையில்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் வீட்டு வாடகையும் நிற்கின்றன. அவ என்னைப் பார்த்து, "விடுமுறை என்று நீ எனக்குச் சொல்லவேயில்லையே," என்றா. உண்மைதான். ஒரு வருடமும் சொன்னதில்லை. பிறகு எழும்பித் தானே ஏர்னஸ்றின் அடுப்படிக்குப் போனா. அவன் இஞ்சி தட்டிய தேத்தண்ணி கொடுத்தான். குடித்து முடித்துவிட்டு, அங்கிருந்த பெண்களோடு இருந்து உள்ளி உரித்தா. நன்றாக உரிக்கவில்லை, ஆனால் உரித்தா.

மத்தியானம் ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று வந்தது. ஏர்னஸ்றின் தறப்பாள் பறந்து மரத்தில் ஏறியது. எங்கள் கூடாரம் ஒரு பக்கம் எழும்பியது. ஆணிகளை நான் எந்த இலட்சணத்தில் அடித்திருப்பேன் என்று உமக்குத் தெரியும். "எல்லாரும் உள்ளை வாங்கோ, பாரம் வேணும்!" என்று கத்தினாள் உமது அக்கா. மூலைக்கு ஒருவராகக் குந்தினோம். எழும்பினால் கூடாரம் போய்விடும். தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லை. புளிச்சாதப் பெட்டி கைக்குக் கை சுற்றிச் சுற்றி வந்தது.

யசிந்தன் வேறு வழியில்லாமல் எங்களோடு கதைத்தான். பகிடியும் விட்டான். கேசிகா திடீரென்று, "அம்மா, பொலோஞாவுக்குப் போக எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"போக விருப்பமில்லையோ?"

"விருப்பம்தான். பயமும்தான்."

குகனேஸ்வரி மூலையை விட்டு எழும்ப முடியாமல் காலை நீட்டி மகளின் காலைத் தொட்டாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "இஞ்சாரும், நாலு இடம் எண்டு பிழையாச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியும். பதிவுச் செய்தி கேசிகாவுக்கும் வந்தது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு பாக்கத்தான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கூடாரத்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நான் சிரிக்கவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்கிறேன், மச்சான். என் முதுகு நிமிரவில்லை. காதுக்குள் இன்னும் மண் இருக்கிறது. மனிதன் சீமெந்தைக் கண்டுபிடித்தது காரணமில்லாமல் இல்லை. இந்த வீட்டில் இனிமேல் கூடாரம் என்ற சொல்லே எழக்கூடாது. நீரும் தயவுசெய்து அங்காடித் தொகுதி, பனி, வாகன நெரிசல் ஆகியவற்றை மட்டும் படம் எடுத்து அனுப்பும்.

உமது வீட்டுக் கூரை உறுதியாகவும், தங்கச்சியின் முழங்கால் நோ குறைந்தும், நீங்கள் எல்லோரும் நெடுநாள் ஒன்றாக இருந்து சாப்பிடவும் கதிர்காமத்தான் அருள்வானாக.

என்றும் உமது நன்மையை விரும்பும்
அத்தான் விக்னராஜா

பி.கு.: வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். யோசனை என்னுடையதுதான்; உமது அக்கா அதைக் கேசிகாவின் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். கூடாரத்துக்குள் எறும்பு வந்தால் கனடாவில் என்ன செய்வீர்கள்?